மாஸ்டரின் இடது தோள்

கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவனுக்கு எது முக்கியம் என்று யாராவது கேட்டால் மாஸ்டர் யோசிக்கவே மாட்டார். "மூஞ்சிதான்" என்பார். கற்றுக்கொள்ள வருகிறவர்கள் ரோட்டைப் பார்ப்பதைவிடப் பக்கத்து சீட்டில் இருப்பவரின் முகத்தைத்தான் அதிகம் பார்க்கிறார்கள். அந்த முகம் வெளிறினால் வண்டி நேராகச் சாக்கடைக்குத்தான் போகும். எதிரே லாரி வந்தாலும் சரி, குறுக்கே நாய் ஓடினாலும் சரி, கிளட்ச் எது பிரேக் எது என்று ஒருவர் நடுரோட்டில் சந்தேகம் கேட்டாலும் சரி, மாஸ்டரின் முகம் பாஸ்போர்ட் போட்டோவுக்கு உட்கார்ந்தவர் முகம் மாதிரியே இருக்கும். அவர் காலடியில் தனியாக ஒரு பிரேக் உண்டு. அதை மிதிக்கும்போதுகூட, மனிதர் சாவகாசமாகக் காலை நீட்டிக்கொள்கிறார் போலிருக்கிறது என்றுதான் தோன்றும்.

டயர் கடைக்கும் ஜெராக்ஸ் கடைக்கும் நடுவில் ஒரே அறையில் இருந்தது அந்த டிரைவிங் ஸ்கூல். சுவரில் சாலைக் குறியீடுகள் அச்சிட்ட பெரிய அட்டை. மேஜைமேல் பார்க்கிங் சொல்லிக்கொடுப்பதற்காகச் சில பொம்மைக் கார்கள். வாசலில், எல்லா மூலையிலும் ஒவ்வொரு மாணவர் தன் ஞாபகமாக ஒரு நசுங்கலை விட்டுப்போன வெள்ளைக் கார். ரொம்பப் பயந்த ஆட்களை எல்லாம் முதலாளியம்மா மாஸ்டரிடம்தான் தள்ளிவிடுவாள். அவருக்கும் அதில் ஒரு பெருமை. "நான் பாட்டுக்குக் கையை மடியில வெச்சுக்கிட்டு உட்கார்ந்திருப்பேன். அவங்களே ஓட்டிடுவாங்க" என்று போகிற இடத்திலெல்லாம் சொல்லிக்கொள்வார்.

இப்படிப்பட்டவருக்கு இடது தோளில் வலி வந்தது.

முதலில் சட்டையில் கையை நுழைக்கும்போது சுருக்கென்றது. பிறகு காரில் உட்கார்ந்து சீட் பெல்ட்டைப் பின்னாலிருந்து இழுக்கும்போது. அப்புறம், இடது பக்கம் புரண்டு படுத்தாலே தூக்கம் கலைகிற அளவுக்கு வந்துவிட்டது. வேறு யாராக இருந்தாலும் தைலத்தைத் தேய்த்துக்கொண்டு வேலையைப் பார்த்திருப்பார்கள். மாஸ்டரால் அது முடியவில்லை. காரணம் அவருடைய அண்ணன்.

அண்ணன் வீடு மாறிய அன்று பீரோவைப் பிடித்து மாடி ஏற்றினார். இடது தோள் வலிக்கிறது என்றார். பாரம் தூக்கினால் வலிக்காதா, சுளுக்குதான் என்று எல்லாரும் சொன்னார்கள். தைலம் தேய்த்துவிட்டது மாஸ்டர்தான். தேய்க்கத் தேய்க்க அண்ணனுக்கு வியர்த்துக்கொட்டியது. மின்விசிறியை இன்னும் மாட்டவில்லையே, அதனால் இருக்கும் என்று நினைத்தார்கள். அட்டைப்பெட்டிகளைப் பிரித்து முடிப்பதற்குள் அண்ணன் போய்விட்டார். அந்தத் தைல வாசனை எங்காவது வந்தால் மாஸ்டர் இன்றைக்கும் அந்த இடத்தை விட்டு எழுந்துபோய்விடுவார்.

ஆகவே அவருக்குச் சந்தேகமே இல்லை. இது நெஞ்சு சமாசாரம். அண்ணனுக்கு வந்தது தம்பிக்கும் வந்துவிட்டது. அப்படியானால் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டியதுதானே என்று நீங்கள் கேட்பீர்கள். அங்கேதான் மாஸ்டரின் மூளை வேறு மாதிரி வேலை செய்தது. டாக்டர் வாயால் சொல்லிவிட்டால் அது வியாதி. சொல்லாதவரை வெறும் வலி. சொல்லிவிட்டால், நெஞ்சுவலிக்காரனை யார் புது ஆட்களோடு காரில் அனுப்புவார்கள்? வேலை போய்விடும். வீட்டில் மனைவி அழுவாள். எல்லாவற்றுக்கும் மேலே, அண்ணன் போன அன்று வந்த பயம் இப்போது தனக்காகவே வந்தது. இதைச் சாமர்த்தியம் என்று அவர் நினைத்துக்கொண்டார். பச்சை மடத்தனம் என்பதுதான் சரி.

ஆனால் மனச்சாட்சி சும்மா விடவில்லை. மாணவர் ஓட்டிக்கொண்டிருக்கும்போது தனக்கு ஏதாவது ஆகிவிட்டால்? ஸ்டியரிங்கைப் பிடிக்கவே பயப்படுகிற மனிதர், பக்கத்தில் சாய்ந்து கிடப்பவரை வைத்துக்கொண்டு என்ன செய்வார்? யோசித்து யோசித்து, எந்தப் பாடத்திட்டத்திலும் இல்லாத ஒரு பாடத்தை மாஸ்டர் புதிதாகச் சேர்த்தார். அதுவும் முதல் பாடமாக.

"வண்டி ஓடிக்கிட்டிருக்கு. பக்கத்துல இருக்கறவன் திடீர்னு சாஞ்சுட்டான். என்ன செய்வீங்க?"

பேக்கரி நடத்துகிற ஒரு பெண்மணி அப்போது புதிதாகச் சேர்ந்திருந்தாள். அவளுக்குச் சாவியைத் திருகவே பயம். "சாஞ்சுட்டான்னா... யாரு மாஸ்டர்?"

"யாரோ. நான்னே வெச்சுக்குங்க."

"ஐயோ, அதெல்லாம் வேண்டாம் மாஸ்டர்!"

"வேணுமா வேண்டாமான்னா கேட்டேன்? கத்தாதீங்க. இண்டிகேட்டர் போடுங்க, மெதுவா ஓரம் கட்டுங்க, ஹேண்ட் பிரேக்கை இழுங்க, நாலு விளக்கையும் மினுக்க விடுங்க. அப்புறம் போனை எடுங்க. எங்க, செஞ்சு காட்டுங்க."

பாவம், பெண்மணி கற்றுக்கொண்டாள். ரொம்ப நன்றாகவே கற்றுக்கொண்டாள். அதற்குப் பிறகு மாஸ்டர் ஒருமுறை தும்மினால்கூடப் போதும், வண்டி ஓரமாக நின்று நாலு விளக்கும் மினுக்கும். அவளுக்கு மூன்றாவது கியர் போடச் சொல்லிக்கொடுப்பதற்குள் மாஸ்டருக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது.

அடுத்தது மனைவி. அவள் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறாள். மூக்கில் நழுவுகிற பிரேமை முறுக்கி நிமிர்த்துவது, காதை உறுத்துகிற கொம்பை வளைத்துச் சரிசெய்வது அவள் வேலை. ஆளைப் பார்த்தவுடனே எந்தப் பக்கம் கோணல் என்று சொல்லிவிடுவாள். கல்யாணமான புதிதிலிருந்து எனக்கும் கார் ஓட்டச் சொல்லிக்கொடுங்கள் என்று கேட்டுக்கொண்டிருந்தவள். ஊரிலுள்ள பயந்தாங்கொள்ளிகளுக்கெல்லாம் கற்றுக்கொடுத்த மனிதர் அவளுக்கு மட்டும் ஒரே பதில்தான் வைத்திருந்தார். "உனக்கு எதுக்கு? நான்தான் இருக்கேனே."

அப்படிப்பட்டவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை தானாக வந்து, "வா, வண்டி சொல்லித்தரேன்" என்றார். ஸ்கூலில் சொல்லி அவளுக்குப் பழகுநர் உரிமத்துக்கு ஏற்பாடும் செய்துவிட்டார்.

"என்னங்க இது, அதிசயமா இருக்கு?"

"இப்பத்தான் நேரம் கிடைச்சுது."

மனைவி அவரை ஏற இறங்கப் பார்த்தாள். ஆனால் அத்தோடு நின்றதா? ஸ்டியரிங் பாடத்துக்கு நடுவில் தண்ணீர் மோட்டாரை எப்படி நிறுத்துவது என்று வந்தது. ரிவர்ஸ் எடுக்கும்போது பியூஸ் போனால் என்ன செய்வது என்று வந்தது. டயர் மாற்றுவது, கேஸ் குழாயை மூடுவது, மாடிக் கதவின் தாழ்ப்பாளை எந்தப் பக்கம் தூக்கிப் போட்டால் விழும் என்பது, எல்லாவற்றையும் மூச்சுக்கு முந்நூறு தரம் சொன்னார். அவளும் தலையாட்டிக்கொண்டே ஓட்டினாள். சொல்லப்போனால் நன்றாகவே ஓட்டினாள். இவ்வளவு சீக்கிரம் வருகிற வித்தையை இத்தனை வருஷம் இழுத்தடித்தோமே என்று மாஸ்டருக்குச் சங்கடமாகக்கூட இருந்தது.

அந்த வலி வெளியே வந்தது, வீட்டுப் பக்கத்துத் தெருக்கள் சேருகிற ஒரு சின்ன ரவுண்டானாவில். இடது பக்கமிருந்து ஒரு மினி வேன் மூக்கை நீட்டியது. மனைவி சட்டென்று வலது பக்கம் ஒடித்தாள். "ஐயோ அம்மா!" என்று மாஸ்டர் அலறினார். அவர் வாயிலிருந்து காருக்குள் இப்படி ஒரு சத்தம் அதுவரை வந்ததில்லை. யாரையோ இடித்துவிட்டோம் என்றுதான் அவள் முதலில் நினைத்தாள். திரும்பிப் பார்த்தால் மனிதர் இடது தோளைப் பிடித்துக்கொண்டு பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார்.

அவள் கத்தவில்லை. இண்டிகேட்டர் போட்டாள். மெதுவாக ஓரம் கட்டினாள். ஹேண்ட் பிரேக்கை இழுத்தாள். நாலு விளக்கும் மினுக்கின. கைப்பையிலிருந்து போனை எடுத்தாள்.

"யாருக்கு போன் பண்றே?"

"நீங்கதானே சொல்லிக்குடுத்தீங்க? எங்க வலிக்குது?"

பூசி மெழுகத்தான் வாயைத் திறந்தார். வார்த்தை வேறு மாதிரி வந்தது. "அண்ணனுக்கு வந்த இடத்துலதான்."

அவள் முகத்தில் ஈயாடவில்லை. ஞாயிற்றுக்கிழமைப் பாடங்கள், மோட்டார், பியூஸ், தாழ்ப்பாள், எல்லாம் அந்த ஒரு வார்த்தையில் அவளுக்கு விளங்கிவிட்டன. எத்தனை நாளாக என்று கேட்கவில்லை. ஆம்புலன்ஸ் வருகிற நேரத்துக்குள் போய்விடலாம், அடுத்த சிக்னல் தாண்டினால் ஆஸ்பத்திரி என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தாள். பெரிய ரோட்டில் அவள் ஓட்டுவது அதுதான் முதல் தடவை. மாஸ்டர் கண்ணை மூடிச் சாய்ந்துகொண்டு, தன் கடைசிப் பயணம் இதுதான் என்ற நினைப்பிலும், "ரெண்டாவது கியர்... கண்ணாடியைப் பாரு... பஸ்ஸுக்கு வழி விடு" என்று சொல்லிக்கொண்டே போனார்.

அவசரப் பிரிவில் அவருடைய கதையை யாரும் முழுசாகக் கேட்கவில்லை. ஐம்பதைத் தாண்டியவர், இடது தோளில் வலி, அண்ணனுக்கு மாரடைப்பு என்றதுமே படுக்க வைத்து, மார்பில் ஒயர்களை ஒட்டி ஈசிஜி எடுத்தார்கள். ரத்தம் எடுத்தார்கள். மறுபடி ஈசிஜி, மறுபடி ரத்தம் என்று நேரம் போயிற்று. திரைச்சீலைக்கு அந்தப் பக்கம் யாரோ இருமிக்கொண்டே இருந்தார்கள். மனைவி ஸ்டூலில் உட்கார்ந்து கார்ச் சாவியைக் கைக்குள் இறுக்கிப் பிடித்திருந்தாள். மாஸ்டர் கூரையைப் பார்த்தபடி, இன்னும் கொஞ்ச நாள் கிடைத்தால் போதும் என்று, யாரிடம் என்று தெரியாமலே கேட்டுக்கொண்டிருந்தார்.

கடைசியில் ஒரு பெண் டாக்டர் காகிதங்களோடு வந்தார்.

"இதயம் நல்லா இருக்கு. ரெண்டு தடவையும் பார்த்தாச்சு."

மாஸ்டருக்குக் காதில் விழுந்தது, மண்டையில் ஏறவில்லை. "அப்ப இந்த வலி?"

"அதைத்தான் இப்ப பார்க்கணும். எங்க வலிக்குதுன்னு காட்டுங்க."

மாஸ்டர் வலது உள்ளங்கையை அப்படியே விரித்து, தோளும் நெஞ்சும் சேருகிற இடத்தில் அப்பினார்.

"முழுக் கையால காட்டினா நான் என்னன்னு நினைக்கறது? ஒரே ஒரு விரலால காட்டுங்க."

ஒரு விரல் என்றதும் மாஸ்டர் தடுமாறிப்போனார். இத்தனை வாரமாக அது நெஞ்சு வலி என்றே முடிவு கட்டியிருந்ததால், கையை எப்போதும் நெஞ்சுப் பக்கமாகவே வைத்துப் பழகிவிட்டார். இப்போது விரல் தேடிக்கொண்டு போயிற்று. நெஞ்சை விட்டது. தோளின் உச்சியையும் விட்டது. வெளிப்பக்கமாக இறங்கி, மேல்கை ஆரம்பிக்கிற சதையில் போய் நின்றது. அவருக்கே வியப்பாக இருந்தது.

"இங்கயா? நல்லா யோசிச்சு சொல்லுங்க. தோள்னா ஒரே இடம் இல்ல." டாக்டர் தன் விரலால் ஒவ்வோர் இடமாகத் தொட்டு அழுத்திக்கொண்டே பேசினார். "இங்க உச்சியில, கழுத்தடியிலேர்ந்து வர்ற காறை எலும்பு முடியற இடத்துல வலிச்சா அந்தச் சின்ன மூட்டுல கோளாறுன்னு சந்தேகப்படுவோம். முன்பக்கம் இந்த வரியில வலிச்சா, கையை மடக்கற தசையோட நார் புண்ணாகியிருக்கலாம். பின்னால தோள்பட்டை எலும்புகிட்ட வலிச்சா பாதி நேரம் அது தோளே இல்ல, கழுத்துலேர்ந்து இறங்கி வர்றது. கழுத்தைத் திருப்புங்க பார்க்கலாம். ஒண்ணும் இல்லையே? நல்லது. கையை நானே தூக்கினாலும் எந்தப் பக்கமும் அசையாம இறுகிப்போனா அது வேற கதை. உங்களுக்கு அப்படியும் இல்ல. என்ன வேலை பார்க்கறீங்க?"

"டிரைவிங் மாஸ்டர்."

"பக்கத்து சீட்டுல உட்கார்ந்து சொல்லிக்குடுப்பீங்க. இந்தக் கை என்ன செய்யும்?"

"ஒண்ணும் செய்யாது டாக்டர். மடியில இருக்கும். அதுக்கே பேர்போனவன் நான்."

ஸ்டூலிலிருந்து ஒரு சத்தம் வந்தது. அழுகையா சிரிப்பா என்று சொல்ல முடியாத சத்தம். "மடியிலயா?" என்றாள் மனைவி. "டாக்டர், அந்தக் கை மடிக்கு வந்து நான் பார்த்ததே இல்ல. கதவுக்கு மேல ஒரு கைப்பிடி இருக்குமே, வண்டி கிளம்பறதுக்கு முன்னாடியே அதைப் பிடிச்சுக்குவாரு. இறங்கற வரைக்கும் விடமாட்டாரு."

"யாரு, நானா?"

"நீங்கதாங்க. உங்க மூஞ்சி சிலை மாதிரி இருக்கும். கை மட்டும் தொங்கிக்கிட்டிருக்கும்."

மாஸ்டர் சத்தியமாக நம்பவில்லை. டாக்டரின் கண்ணில் ஒரு குறும்பு தெரிந்தது. இரண்டு நாற்காலிகளைப் பக்கத்தில் பக்கத்தில் போட்டு இருவரையும் உட்காரச் சொன்னார். "அம்மா, நீங்க ஓட்டுங்க. கொஞ்சம் மோசமாவே ஓட்டுங்க." மனைவி காற்றில் ஸ்டியரிங்கைப் பிடித்தாள். மாஸ்டர் இரண்டு கையையும் மடியில் பத்திரமாக வைத்துக்கொண்டு, பாஸ்போர்ட் போட்டோ முகத்தோடு நேரே பார்த்தார். அவள் மெதுவாகப் போனாள், வளைந்தாள், ஹாரன் அடித்தாள். பிறகு, "ஐயோ, லாரி!" என்று சொல்லி உடம்போடு வலது பக்கம் சாய்ந்து ஒடித்தாள்.

மாஸ்டரின் இடது கை விருட்டென்று மேலே போயிற்று. அங்கே இல்லாத கைப்பிடியைத் தேடித் தோளுயரம் தாண்டியதுதான் தாமதம், "ஆ!" என்று அலறிவிட்டார். திரைச்சீலைக்கு அந்தப் பக்கம் இருமல்கூட ஒரு கணம் நின்றது.

"அதான்" என்றார் டாக்டர். "கையை மேலே தூக்கற நார்கள் தோள் எலும்புக்கு அடியில நுழைஞ்சு போகும். நாள் பூரா கையைத் தூக்கியே வெச்சு, ஒவ்வொரு தடவை வண்டி குலுங்கும்போதும் அதுல வெடுக்குன்னு இழுத்தா, அது நசுங்கிப் புண்ணாகும். அதனாலதான் சட்டை போடறப்ப வலிச்சிருக்கும், அந்தப் பக்கம் படுத்தா வலிச்சிருக்கும். பழக்கத்துல மெதுவா மேலே போறப்ப அவ்வளவா தெரியாது, வெடுக்குன்னு போனாதான் உயிர் போகும். இதயத்து வலி பெரும்பாலும் இப்படிக் கையைத் தூக்கினா ஏறாது, இறக்கினா குறையாது. நடந்தா, படி ஏறினா வரும். வேர்க்கும், மூச்சு வாங்கும், தாடைக்குப் பரவும். ஆனா இதைக் கேட்டுட்டு அடுத்த தடவை வீட்லயே உட்கார்ந்து நீங்களே தீர்ப்பு சொல்லாதீங்க. சில சமயம் ஏமாத்தும். இடது தோள்னா முதல்ல இங்க வரணும். இவ்வளவு நாள் ஒளிச்சு வெச்சதுதான் நீங்க செஞ்ச தப்பு."

"அப்ப... அண்ணனுக்கு நான் தைலம் தேய்ச்சது..." மாஸ்டரால் முடிக்க முடியவில்லை.

டாக்டர் காகிதங்களை மடக்கினார். "அவரை நான் பார்க்கல. அதைப் பத்தி நான் எதுவும் சொல்ல முடியாது. வலிக்குதுன்னு சொன்ன அண்ணனுக்குத் தம்பி செய்யறதை நீங்க செஞ்சீங்க. இப்ப உங்களைப் பத்திச் சொல்றேன். கொஞ்ச வாரம் கையைத் தோளுக்கு மேலே தூக்காதீங்க. பயிற்சி சொல்லித்தர ஆள் இருக்காங்க, ஒழுங்கா வந்து செய்யுங்க. குறையலைன்னா திரும்ப வாங்க. வேலைக்குப் போகலாம். கை மடியில இருக்கணும், அவ்வளவுதான்."

வேலைக்குப் போகலாம். அந்த வார்த்தை வயிற்றில் பாலை வார்த்தது. மாஸ்டர் எழுந்து நின்றார், ஏனோ திரும்பவும் உட்கார்ந்தார். முகத்தை வைத்தே பிழைத்த மனிதருக்கு அன்று முகம் சொன்னபடி கேட்கவில்லை. உதடு கோணியது, கண் நிறைந்து வழிந்தது. அதைத் துடைக்க இடது கையைத் தூக்கி, மறுபடியும் "ஆ" என்றார். இந்த முறை டாக்டரும் சிரித்துவிட்டார். மாஸ்டரும் அழுகையோடு அழுகையாகச் சிரித்தார். உயிர் போய்த் திரும்பி வந்தவனுக்குத்தான் அந்தச் சிரிப்பு தெரியும். தோள் அப்படியேதான் வலித்தது. ஆனால் அது இப்போது தோள் வலி, வேறொன்றும் இல்லை.

வெளியே வந்தபோது வெயில் சாய்ந்திருந்தது. மனைவி ஓட்டுநர் சீட்டில் உட்கார்ந்தாள். சாவியைப் போட்டாள், திருகவில்லை. ஆஸ்பத்திரி மதில் ஓரமாக வண்டிகள் ஒவ்வொன்றாகக் கிளம்பிப் போய்க்கொண்டிருந்தன.

"நீங்க இல்லாம போயிட்டா நான் கஷ்டப்படக் கூடாதுன்னுதானே எனக்கு வண்டி சொல்லிக்குடுத்தீங்க?"

மாஸ்டர் போகிற வண்டிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மோட்டாரு, பியூஸு, தாழ்ப்பாளு. எல்லாம் அதுக்குத்தானே?"

"உனக்காகத்தானே..."

"எனக்காகவா?" அவள் ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அழுதாள். "இத்தனை வருஷம் நான் எதுக்குக் கேட்டேன் தெரியுமா? நாள் பூரா அடுத்தவங்களோட அந்த சீட்டுல உசுரைக் கையில பிடிச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்கீங்க. ஒரு நாளாவது நான் ஓட்ட, நீங்க சும்மா உட்கார்ந்து வரணும்னு கேட்டேன். நீங்க இருக்கறப்பவே எங்கயாவது போறதுக்குக் கேட்டேங்க. நீங்க போனப்புறம் தனியா ஓட்டறதுக்கு இல்ல."

"தப்புதான்" என்றார். பிறகு, "பயந்துட்டேன்" என்றார். இத்தனை வருஷத்தில் அந்த வார்த்தையை அவர் தன் வாயால் சொன்னது அதுதான் முதல் தடவை. சொன்னதும் உடம்பே லேசாகிவிட்டது.

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வண்டியை எடுத்தாள்.

"கண்ணாடியைப் பார்த்து..." என்று ஆரம்பித்தார்.

"பேசாம வாங்க."

பேசாமல் வந்தார். மடியில் கிடந்த கையை வலது கையால் மெல்லத் தாங்கிக்கொண்டார். சிக்னலில் வண்டி அலுங்காமல் நின்றது, அலுங்காமல் கிளம்பியது. எத்தனையோ வாரமாகச் சேர்ந்திருந்த தூக்கம் கண்ணை இழுத்தது. தங்கள் தெருவுக்கு இடது பக்கம் திரும்ப வேண்டிய இடம் வந்தது. அவள் திரும்பவில்லை, நேரே போய்க்கொண்டிருந்தாள். சொல்ல வேண்டும் என்று நினைத்தார். அதற்குள் தூங்கிப்போனார்.